அம்மம்மாமார் போட்ட முதல் வாக்கு: வீட்டுக் கதைகள் தேவை

வணக்கம் உறவுகளே. உங்கள் வீடுகளில் இருக்கிற மூத்தவர்களிடம் கேட்டு எனக்கு உதவ வேண்டும்.

இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1931இல். அரசியலமைப்பை மாற்ற ஆலோசனை சொல்ல பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முதலில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னது. கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேயடியாக 21 வயது என்றானது. ஆனால் அதே ஆண்டு, முழுச் சுயாட்சி வேண்டும் என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்ல, வடக்கில் நான்கு தொகுதிகள் வெறுமையாகக் கிடந்தன. 1934இல்தான் அங்கே தேர்தல் நடந்தது. கையில் வந்த வாக்கைப் போட அந்தப் பெண்கள் மூன்று வருடம் காத்திருந்தார்கள்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. இதற்கிடையில், 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்ற பெண் வென்று, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கே போய்விட்டார்.

எங்கள் ஊர் வாசிகசாலைக்காக இதைத் தொகுக்கிறேன். ஆண்களின் பேச்சுகள் நிறையக் கிடைக்கின்றன, பெண்களின் குரல்தான் இல்லை. உங்கள் அம்மம்மாவோ அப்பாச்சியோ அன்று வாக்குப் போடப் போன கதை வீட்டில் பேசப்பட்டதா? யாரோடு போனார்கள், மாட்டுவண்டியிலா நடந்தா? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைத்த காலம் அது. எந்த நிறம் என்று யாராவது சொன்னார்களா? போகவேண்டாம் என்று மறித்த கதையும் வேண்டும்.

பழைய துண்டுப்பிரசுரம், கடிதம், வாக்காளர் பட்டியல் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கோ. ஒரு வரி நினைவு என்றாலும் கீழே எழுதுங்கோ.