"உட்கார்" என்றால் அசையாத குட்டி, கையைக் கண்டால் மட்டும் அமர்கிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து மாத ராஜபாளையம் இனப் பெண் நாய்க்குட்டி ஒன்று வளர்கிறது. உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டை மூக்கருகே காட்டி, கையைத் தலைக்கு மேலாகப் பின்னோக்கிக் கொண்டுசென்றால் உடனே உட்கார்ந்துவிடும். கை கொடுக்கவும் இவ்வாறே பழகிவிட்டது. ஆனால் கையை அசைக்காமல் "உட்கார்" என்று மட்டும் சொன்னால் என் முகத்தையே பார்த்தபடி நிற்கிறது. "சபாஷ்" என்று பாராட்டினாலும் அதற்கு மகிழ்ச்சி ஏற்படுவதாகத் தெரியவில்லை. இது பிடிவாதமா, அல்லது வேறு காரணம் உண்டா? அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன், குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். உட்செவி இயங்குவதற்கு நிறமி செல்கள் தேவை. வெள்ளை நிற நாய்கள் சிலவற்றுக்கு அவை அங்கே இல்லாததால், பிறந்த சில வாரங்களிலேயே செவித்திறன் போய்விடுகிறது. ராஜபாளையம் இனத்தில் இக்குறை இருப்பது வளர்ப்பவர்கள் அறிந்ததே. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, தரை அதிராமலும் உங்கள் நிழல் அதன்மேல் விழாமலும் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாதிருந்தால் வீட்டுச் சோதனையில் அது தெரியாது. ஐயமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சாவிச் சத்தத்துக்கு உடனே திரும்பியது. அடுத்த அறையில் டப்பா மூடியைத் திறந்தாலும் ஓடி வருகிறது. நான் "உட்கார்" என்று சொல்வதும் கையை உயர்த்துவதும் ஒரே நேரத்தில்தான் நிகழ்கின்றன என்பதையும் தெரிவிக்கிறேன்.

மறுமொழி 2:
உங்கள் சிக்கலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. சொல்லும் சைகையும் ஒன்றாக வரும்போது நாய் தனக்கு எளிதான சைகையைப் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும். இதைப் பிடிவாதம் என்று சொல்வது அந்தக் குட்டிக்கு நியாயமாகாது. இனிமேல் கையை அசைக்காமல் "உட்கார்" என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். ஒரு நொடி பொறுத்து, அதன் பிறகே வெறுங்கையால் சைகை காட்டுங்கள். தின்பண்டம் மறு கையிலோ அருகிலுள்ள கிண்ணத்திலோ இருக்கட்டும். இதே வரிசை பலமுறை திரும்பத் திரும்ப நடந்தால், சைகை வருவதற்கு முன்பே குட்டி அமரத் தொடங்கும். அப்படி முந்திக்கொண்டு அமரும் முதல் தடவைகளில் தாராளமாகக் கொடுங்கள்.

பாராட்டைப் பொறுத்தவரை, "சபாஷ்" என்ற ஒலிக்கு நாயிடம் இயல்பாக எந்த மதிப்பும் கிடையாது. உணவுக்குச் சற்று முன்பாகத் தவறாமல் ஒலிக்கும் சத்தம் நாளடைவில் தானே பரிசாகிவிடும் என்பதை விலங்குப் பயிற்சி பற்றி 1951இல் எழுதிய கட்டுரையில் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விளக்கியிருக்கிறார். ஆகவே பின்பகுதி தரையைத் தொட்ட அந்தக் கணத்திலேயே "சபாஷ்" சொல்லி, உடனே துண்டைக் கொடுங்கள். அது எழுந்த பிறகு கொடுத்தால், எழுந்ததற்கே பரிசு கிடைத்ததாகக் குட்டி எடுத்துக்கொள்ளும்.

மறுமொழி 1:
துண்டுகள் பொட்டுக்கடலை அளவில் இருந்தால் போதும். தின்பண்டம் அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சொல்லை முன்னால் வைத்ததும் மாற்றம் தெரிகிறது. கூடத்தில் சைகைக்குக் காத்திராமலே அமர்கிறது. தெருவில் மட்டும் கேட்பதில்லை. தின்பண்டத்தை எப்போது குறைக்கலாம்?

மறுமொழி 2:
தெரு அதற்குப் புதிய பாடம். முதலில் வாசற்படியிலும், பிறகு ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் தெருவிலும் சைகையோடு மீண்டும் தொடங்குங்கள். அங்கே ஒவ்வொரு முறையும் கொடுங்கள். கூடத்தில் இனி சில முறை மட்டும், எப்போது என்று குட்டி ஊகிக்க முடியாதபடி கொடுக்கலாம், ஆனால் "சபாஷ்" ஒருமுறைகூட விடுபடக் கூடாது.