அம்மாவின் இரண்டு ஒப்பரேஷன்கள்

வெள்ளவத்தையிலிருந்து:
அம்மாவுக்கு 78 வயது. முதல் ஒப்பரேஷன் பித்தப்பைக்கு, முழு மயக்கத்தில். பகல் முழுக்க நன்றாகத்தான் இருந்தார். இரவானதும் கட்டில் விரிப்பைக் கிள்ளிக் கிள்ளி "மல்லிகை உதிருது, பொறுக்கு பிள்ளை" என்றார், என்னைத் தன் தங்கச்சி பெயரால் கூப்பிட்டார், சேலைன் ஊசியையும் பிடுங்கிவிட்டார். மூன்று இரவு. வயசாளிகள் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். இப்படித் திடீரென்று வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர் என்பதையே பிறகு நானாக வாசித்துத்தான் அறிந்தேன்.

போன மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இம்முறை மயக்க மருந்து டொக்டர் வந்தவுடனேயே அந்த மூன்று இரவையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். முதுகில் ஊசி போட்டால் குழம்பமாட்டார் என்று நம்பி, அதையே போடச் சொல்லியும் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்: அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1600 பேரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், முதுகு ஊசியானாலும் முழு மயக்கமானாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் குழம்பியிருக்கிறார்கள். அம்மாவின் நெஞ்சுச் சளிக்காக முதுகு ஊசியே போடுவோம், ஆனால் பதற்றத்துக்குக் கொடுக்கும் மிடசோலம் வேண்டாம், பால் மாதிரி இருக்குமே புரொபோஃபால் என்ற மயக்க ஊசி, அதுவும் மிகக் கொஞ்சம் போதும் என்றார். ரிக்கவரியில் கண் திறந்ததும் கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டச் சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. அன்று இரவு ஒருமுறை மட்டும் "இது எந்த இடம்?" என்றார், சொன்னதும் சரி என்று படுத்துவிட்டார். காலையில் தேத்தண்ணி கேட்டார், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அக்கா, அப்பாவுக்கு 81, அடுத்த கிழமை ஹேர்னியா ஒப்பரேஷன். மூச்சோடு இழுக்கும் செவோஃப்ளூரேன் மயக்க காஸா, புரொபோஃபால் ஊசியா, எது நல்லது என்றுதான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். காது மெஷினை நினைக்கவே இல்லை, இன்றைக்கே பற்றரி வாங்குகிறேன். அவர் வருஷக்கணக்காக இரவில் தூக்கத்துக்கு டயஸிபாம் குளிசை குடிக்கிறவர், அதை டொக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

தியேட்டரில் தாதியாக இருந்தவர்:
தம்பி, முதலில் அதைச் சொல்லுங்கள். காஸோ ஊசியோ, 40 வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஆறு வீதமளவு காஸ் தேவை குறையும், ஊசி மருந்தும் அப்படித்தான் குறைத்துப் போடுவார்கள், அந்த அளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டயஸிபாம் விஷயம் நீங்கள் சொன்னால்தான் தெரியும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நெடுநாள் குடித்ததைத் திடீரென்று விட்டாலும் குழப்பம் வரும். குளிசைப் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.