மறு: அப்ளிக்கே – தமிழ்ல என்ன சொல்லலாம்?

> ஒட்டுத்துணின்னு போட்டா போதுமே அக்கா, இதுக்கா இவ்வளவு யோசனை? இல்லன்னா வெட்டொட்டு. சொல்றதுக்கும் நல்லாருக்கு.

தம்பி, அப்ளிக்கேக்கு, அதாவது துணிய உருவமா வெட்டி இன்னொரு துணி மேல வச்சுத் தைக்கிற வேலைக்கு, நானும் மொதல்ல ஒட்டுத்துணின்னுதான் போட்டேன். நாகர்கோவில்ல கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நாலஞ்சு பொண்ணுங்களுக்கு கிரிகட் மெஷின்ல (கம்ப்யூட்டர்ல குடுக்கிற உருவத்த பிளேடால வெட்டுற மெஷின்) ஸ்டார், மணி, குடில் எல்லாம் துணியில வெட்டி தோரணம் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன், அதுக்கு ஒரு குறிப்பு எழுதிட்டிருந்தேன், எங்கம்மா அத எட்டிப் பாத்துட்டு "நல்ல நாளும் பொழுதுமா யாரு பாவாடை கிழிஞ்சுது"ன்னு கேட்டாங்க. ஒட்டுன்னா நம்ம ஆளுங்களுக்கு கிழிசல்தான் ஞாபகம் வரும். (மாங்கன்னுக்கு மட்டும்தான் அது பெருமை.) இங்க அடித்துணி கிழியவே இல்ல, அழகுக்குத்தான் மேல இன்னொரு துணிய உருவமா வெட்டி வைக்கிறோம். பிரெஞ்சுலயும் அந்த வார்த்தைக்கு மேல வச்சுப் பொருத்துறதுன்னுதான் அர்த்தம், கிழிசல் பேச்சே கிடையாது.

வெட்டொட்டு எனக்கும் பிடிச்சுது, ஆனா வரிசை இடிக்குது. என்கிட்ட இருக்கிறது கிரிகட்லயே பழைய எக்ஸ்ப்ளோர் மாடல். அதுல வெறும் துணிய வச்சா பிளேடு இழுத்து நூல் நூலா பிரிச்சிடும், அதனால துணிக்குப் பின்னாடி பசை ஷீட்ட வச்சு, ஸ்டீம் இல்லாம அயர்ன் பண்ணி, ஆறினப்புறம் பேப்பர உரிச்சுட்டு, பிங்க் மேட்டுல (துணிய நகராம பிடிச்சுக்கிற பிசுபிசுப்பான விரிப்பு) சுருக்கமில்லாம அழுத்தி ஒட்டித்தான் வெட்டணும். அப்புறம் வெட்டினத அடித்துணி மேல வச்சு மறுபடியும் அயர்ன், கடைசியா ஓரத்துல ஜிக்ஜாக். ஆக வெட்டுக்கு முன்னாடியும் ஒட்டு, பின்னாடியும் ஒட்டு. 2017ல வந்த மேக்கர்ங்கிற கிரிகட் மாடல்ல உருளுற பிளேடு இருக்கு, அது பசை போடாத துணியையும் வெட்டிடும், அப்படியே கையால தச்சா ஒட்டுங்கிற பேச்சே இல்ல.

தொம்பைன்னு ஒருத்தர் போன வாரம் எழுதியிருந்தார். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் தேருல தொங்குமே, நீட்டா உருளை மாதிரி, அதுல யாளியும் பூவும் துணியில வெட்டித் தச்சிருப்பாங்க. அதுவும் இதே வேலைதான், மெஷின் இல்லாம. ஆனா தொம்பைங்கிறது அந்தத் தொங்கலோட பேரு, வேலையோட பேரு இல்லையே. என் ஸ்டார போய் தொம்பைன்னு சொன்னா ரெண்டு பக்கமும் சிரிப்பாங்க.

அதனால நான் சொல்றது ஒட்டுரு. ஒட்டு + உரு. கூட உரு வந்துட்டா கிழிசல் ஞாபகம் வராது. துணியில வெட்டி எடுத்த அந்த ஒரு துண்டுக்கு மட்டும் இந்தப் பேரு. வேலைக்கு ஒட்டுருத் தையல்.

இன்னொண்ணு, இங்க யாரோ மிரர்க்கு (உருவத்த இடவலமா திருப்பி வெட்டச் சொல்றது) "கண்ணாடிப் பிம்பமாக்கல்"னு எழுதியிருந்தீங்க. போன வருஷம் நான் துணிய நல்ல பக்கம் கீழ இருக்கிற மாதிரி மேட்டுல வச்சு, மிரர் போடாம "பாலன்"னு வெட்டினேன். திருப்பிப் பாத்தா ல, ன் எல்லாம் அந்தப் பக்கம் பாத்துட்டு நிக்குது, ப மட்டும் தப்பிச்சுது. அரை மீட்டர் சிவப்பு காட்டன் போச்சு. அன்னையிலேர்ந்து எங்க வகுப்புல அதுக்குப் பேரு "குப்புற வெட்டு". யாருக்கும் ரெண்டாவது தடவ விளக்க வேண்டியதில்ல.

---

> அதனால நான் சொல்றது ஒட்டுரு.

அம்மா, எழுத்துரு மாதிரியே இருக்கு, புணர்ச்சியும் அதே குற்றியலுகரக் கணக்குதான், அது புழங்கிருச்சுன்னா இதுவும் புழங்கும். ஒரே பயம், பாதிப் பேரு ஒட்டுறுன்னு வல்லின று போட்டு எழுதுவாங்க. அந்தப் பசை ஷீட்டுக்குப் புதுசா ஒண்ணும் தேட வேணாம்னு நெனைக்கிறேன், தையல்காரங்க காலர் கேன்வாஸ் ஒட்டுறதுக்கே ஃபியூசிங்னுதான் சொல்றாங்க, அத மாத்தப் போனா நம்மள மாத்திருவாங்க.

---

> வல்லின று போட்டு எழுதுவாங்க

போடட்டும் ஐயா, எழுத்துருவையே எழுத்துறுன்னு எழுதுறவங்க இருக்காங்க. ஃபியூசிங் அப்படியே இருக்கட்டும், சரிதான். குறிப்புல ஒட்டுருன்னு மாத்திட்டேன், எங்கம்மாகிட்டயும் காட்டினேன், பாவாடையப் பத்தி ஒண்ணும் கேக்கல. இப்ப அடுத்தது: வெட்டினதுக்கப்புறம் மேட்டுல சுத்தி மிச்சமாகுற துணிய எடுக்கிறதுக்கு இங்கிலீஷ்ல களையெடுக்கிறதுன்னு சொல்றாங்க, என் பொண்ணுங்க தோலுரிக்கிறதுங்கிறாங்க. எத வைக்கலாம்?