புதுப்பிப்பு: அந்தப் பழைய பேக்ஹோவைப் பார்த்துவிட்டேன்
தோட்டத்தில் அவ்வப்போது வாய்க்கால் வெட்டப் பழைய பேக்ஹோ வாங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேனே (முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள வண்டி; ஊரில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஜேசிபிதான்), போய்ப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லியும் இன்ஜின் சூடாக இருந்தது. ஆறிய இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க முடியவில்லை. சரி என்று மறுநாள் விடியலில் சொல்லாமல் போனேன். மூன்றாவது முயற்சியில்தான் பிடித்தது. வெள்ளைப் புகை வந்தது, இன்ஜின் சூடேறியதும் புகை நின்றுவிட்டது. முன் பக்கெட்டைத் தூக்கி இன்ஜினை அணைத்தேன், 10 நிமிடத்தில் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை, அதைத் தூக்கும் ஆயில் அழுத்தம் பிடித்து நிற்கிறது. பின்பக்கம்தான் தகராறு. பூமை (தோண்டும் நீண்ட கை) நீட்டி இடவலமாக ஆட்டினால், அது திரும்பும் இடத்து ஆணியும் (பின்) அதைச் சுற்றிய உலோக வளையமும் (புஷ்) லொடலொட. தினம் ஓட்டுவதென்றால் விட்டிருப்பேன். எனக்கு மாதம் 2 நாள் வேலை. புஷ் செலவை விலையில் கழிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆர்சி இன்னும் முந்தைய ஓனர் பெயரில் இருக்கிறது. அது மாறாமல் அட்வான்ஸ் கிடையாது.