மகன் எழுதிய பதில் ஒன்று, நான் எழுதியது ஒன்று: எதை நம்புவது?

கும்பகோணம் அம்மா:
என் மகனுக்கு ஒன்பது வயது. ஆறு வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து நாளுக்கு நான்கு இன்சுலின் ஊசி. போன வாரம் மருத்துவமனையில் ‘பெட்ஸ்க்யூஎல்’ என்ற கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். நோயோடு பிள்ளையின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அறிவதற்கானது அது. அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தனித்தனியே உட்கார்ந்து எழுதினோம். கவலை, கூச்சம் போன்றவை கடந்த ஒரு மாதத்தில் அவனுக்கு எவ்வளவு தொல்லையாக இருந்தன என்று கேட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் பேசிக்கொண்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவலைப்படுகிறானா என்ற கேள்விக்கு நான் ‘ஏறக்குறைய எப்போதும்’ என்று எழுதியிருந்தேன். அவன் ‘ஒருபோதும் இல்லை’ என்றிருக்கிறான். சர்க்கரை நோய் இருப்பதால் கூச்சப்படுகிறானா என்ற கேள்விக்கு நான் ‘ஒருபோதும் இல்லை’, அவன் ‘அடிக்கடி’.

ரத்தப் பரிசோதனையில் அவனுடைய ஹெச்பிஏ1சி, அதாவது சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு, 7.2 சதவீதம். மருத்துவர் பாராட்டினார். பிள்ளைக்குக் கேள்வி புரியவில்லையோ? திருத்தித் தரச் சொல்லலாமா?

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்:
தயவுசெய்து திருத்தாதீர்கள் அம்மா. எட்டு வயதான பிள்ளை தானே எழுதலாம் என்றுதான் அந்தத் தாளை அமைத்திருக்கிறார்கள். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு நாங்கள் வாசித்துக் காட்டுவோம். அவர்கள் சிரித்த முகத்தையோ அழுத முகத்தையோ தொட்டுக் காட்டுவார்கள். இரண்டு முதல் நான்கு வயதுவரைதான் பெற்றோர் மட்டும் எழுதுவது.

கவலையைப் பற்றி நீங்கள் எழுதியது உங்கள் கவலை. இரவு மூன்று மணிக்கு எழுந்து அவன் விரலில் குத்திப் பார்ப்பது நீங்கள்தானே? அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். அதுவும் உண்மைதான், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

‘ஒருபோதும் இல்லை’ என்றால் 100, ‘ஏறக்குறைய எப்போதும்’ என்றால் 0 என்று மாற்றிச் சராசரி எடுப்பார்கள். எனக்குச் சராசரி மீது அவ்வளவு நம்பிக்கை இல்லை. முப்பது கேள்வியில் ஒரு ‘அடிக்கடி’ அதில் கரைந்துபோகும். நான் தாளை ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைத்தான் காட்டும். பிள்ளை எங்கே நின்று ஊசி போட்டுக்கொண்டான் என்பதைக் காட்டாது.

மதுரை மாணவன்:
அக்கா, எனக்குப் பதினோரு வயதில் வந்தது, இப்போது இருபத்திரண்டு. எட்டாம் வகுப்பில் என் ஹெச்பிஏ1சி 6.8. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அந்த ஆண்டு முழுவதும் நான் பள்ளிக் கழிவறையில் நின்றுதான் ஊசி போட்டுக்கொண்டேன். கூச்சமாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், கொட்டித் தீர்த்திருப்பேன்.

முதல் வகைச் சர்க்கரை உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் பழம், தண்ணீர், இனிப்பு கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017-இல் அனுமதி தந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அம்மா வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். கணக்குத் தேர்வில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. எல்லோரும் பார்ப்பார்களே என்று பழத்தை எடுக்கவே இல்லை. விதி என் பக்கம்தான் இருந்தது, கூச்சம் விடவில்லை.

அவனிடம் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்காதீர்கள். ‘நன்றாக இருக்கிறேன்’ என்பான். ‘மதிய ஊசியை எங்கே போடுகிறாய்’ என்று கேளுங்கள்.

கும்பகோணம் அம்மா:
தம்பி, நேற்றிரவு அப்படியே கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கும் இடத்தில் போட்டுக்கொள்கிறானாம். வகுப்பில் போட்டால் மற்ற பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று ஆசிரியை சொன்னாராம். இந்த ஜூன் மாதத்திலிருந்து இப்படித்தான். தினமும் மாலையில் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்ட நான் இதைக் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன், அவனையும் அழைத்துக்கொண்டு. எங்கே உட்கார்ந்து போட்டுக்கொள்ள ஆசை என்று கேட்டுவைத்திருக்கிறேன். தன் பெஞ்சிலேயே, ஜன்னல் பக்கம், வழக்கமாகச் சேர்ந்து சாப்பிடும் நண்பனுக்கு அருகில் என்றான்.