மறு: ‘வேக்னெஸ்’ – தெளிவின்மையா, எல்லைமயக்கமா?

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மெய்யியல் வலையொலியில் அடுத்து வரும் இரண்டு பகுதிகளும் எதிர்மைகளைப் பற்றியவை. காய்க்கும் பழத்துக்கும் நடுவே, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே, தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது, விழத்தான் விழுகிறதா என்பதே பேச்சு. கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில்தான் ஒலிப்பதிவு. கேட்பவர்களில் பலர் தோட்டத்து லயத்தில் பிறந்து தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்கள். ஊர்ப் பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்று மாறிய பிறகும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிக்கொண்டிருப்பவர்கள். இப்படிக் கோடு எங்கே என்று சொல்ல முடியாத நிலையை ஆங்கிலத்தில் ‘வேக்னெஸ்’ என்கிறார்கள். அவர்களிடம் அதையே சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொல் வேண்டும்.

சிக்கல் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மிலேத்தஸ் ஊர் யூபுலிடிஸ் கேட்டதாகச் சொல்வார்கள்: ஒரு மணி தானியம் குவியல் ஆகாது. குவியல் அல்லாத ஒன்றில் இன்னும் ஒரு மணியைப் போட்டால் அது குவியலாகிவிடாது. அப்படியானால் எத்தனை மணி போட்டாலும் குவியல் எப்படி வரும்? வழுக்கைத் தலையை வைத்தும் இதே கேள்வியைக் கேட்டார்கள்.

எனக்கு இந்தக் கேள்வி கிரேக்கத்திலிருந்து வரவில்லை. அப்பா பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். ஆலைக்குப் போகும் குலை பழுத்ததா என்று பார்க்க மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதி இருக்கிறது. பழம் உதிர்ந்த புதுக் குழி குறைந்தது 10 இருந்தால் பழுத்த குலை. பத்துக்குக் குறைந்தால் பழுத்தும் பழுக்காதது. ஒன்றுகூட உதிராவிட்டால் காய்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அப்பாவோடு போயிருந்தேன். குலை பார்க்க வந்தவர், சாலையோரம் அடுக்கியிருந்த குலைகளில் ஒன்றைக் கொக்கியால் புரட்டிப்போட்டு, ஈரம் காயாத குழிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினார். விரலெல்லாம் செம்மஞ்சள் எண்ணெய். ஒன்பதில் நின்றுவிட்டது. அப்பா குனிந்து, முள்ளுக்கு இடையில் விரலை விட்டு, “இந்தா, இதையும் சேத்துக்குங்க சார்” என்றார். அது கறுத்துப்போன பழைய குழி, சேராது என்று சொல்லிவிட்டார். அந்தக் குலைக்குக் காசு பிடித்தார்கள். திரும்பி வரும்போது அப்பா மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டே கேட்டார்: “நேத்து வெட்டுனா காய். நாளைக்கு வெட்டுனா பழம். இன்னைக்கு வெட்டுனதுக்கு என்னா பேரு?”

ஆலைக்கு ஓர் எண் வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து என்பது ஆலை வைத்த எண். குலைக்கு அது தெரியாது. அப்பா கேட்ட பெயரைத்தான் இந்த மடலில் தேடுகிறேன்.

போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார்:

> அகராதியிலேயே ‘தெளிவின்மை’ இருக்கிறது. எல்லோருக்கும் புரிகிறது. புதிதாக ஏன்?

புரிகிறது என்பதுதான் எனக்குக் கவலை. தெளிவின்மை என்றதும் குறை நம் கண்ணில், நம் அறிவில் என்று ஆகிவிடுகிறது. நன்றாக உற்றுப் பார்த்தால் கோடு தெரிந்துவிடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. அப்படிச் சொல்லும் மெய்யியலாளர்கள் உண்டு. திமத்தி வில்லியம்சன் 1994இல் வந்த தம் நூலில் இதைத்தான் வாதாடினார்: காய்க்கும் பழத்துக்கும் இடையே துல்லியமான கோடு இருக்கிறது, நம்மால் அறிய முடியாது, அவ்வளவே. எதிர்த்தரப்பில் வேறு பலர். லோட்ஃபி ஸாடே 1965இல் மங்கிய கணங்களை, அதாவது எல்லை திட்டமாக இல்லாத கூட்டங்களை, அறிமுகம் செய்தபோது, ஒரு பொருள் ஒரு கூட்டத்தைச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்பதை விட்டு, 0 முதல் 1 வரை எந்த அளவுக்குச் சேர்ந்தது என்று கேட்டார். அவர் வழியில் போனால் அப்பாவின் குலை 0.9 பழம்.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கில் கலைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. தெளிவின்மை என்றால் வில்லியம்சன் பக்கம் சாய்கிறோம். ‘எல்லையின்மை’ என்றால் எதிர்ப்பக்கம் சாய்கிறோம். ‘மங்கல்’ அழகான சொல்தான், ஆனால் அதுவும் பார்வைக் குறையையே நினைவூட்டுகிறது. அதை ஸாடேயின் கணிதத்துக்கே விட்டுவிடலாம். ‘விளிம்புநிலை’ என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லை ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்க நம் எழுத்தாளர்கள் பல காலமாகப் புழங்குகிறார்கள். அதைப் பிடுங்க நான் வரமாட்டேன்.

என் முன்மொழிவு: எல்லைமயக்கம்.

மயக்கம் என்ற சொல்லில் இரண்டு பொருளும் இருக்கின்றன. ‘நிலம்தீ நீர்வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்’ என்கிறது தொல்காப்பியம். இங்கே மயக்கம் பொருள்களிலேயே இருக்கிறது, கலப்பு என்ற பொருளில். ‘காமம் வெகுளி மயக்கம் இவைமூன்றன் நாமம் கெடக்கெடும் நோய்’ என்கிறது குறள். இங்கே மயக்கம் அறிபவனிடம் இருக்கிறது. எல்லைமயக்கம் என்றால் எல்லைகளே கலந்து கிடக்கின்றன என்றும் கொள்ளலாம், எல்லையைப் பற்றி நம் அறிவு மயங்குகிறது என்றும் கொள்ளலாம். இரு தரப்பும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாதாடலாம். இப்படி ஒரு வசதி ஆங்கிலச் சொல்லுக்குக்கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கூடவே, நடுவில் நிற்கும் அந்த ஒற்றைப் பொருளுக்கும் ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் ‘பார்டர்லைன் கேஸ்’ என்கிறார்கள். அதற்கு ‘செங்காய்’ என்று வைக்க ஆசை. காயும் இல்லை, பழமும் இல்லை, நம் பாட்டிமார் வாயில் இருந்த சொல்.

மறுப்புகளை எழுதுங்கள்.

———

மதுரையிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். இரண்டு தடைகள்.

ஒன்று, மயக்கம் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஒரு சொல் இரு பொருள் தந்து தடுமாற வைப்பதைப் பொருள்மயக்கம் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். எல்லைமயக்கம் என்றால் இரண்டும் ஒன்று என்று குழம்புவார்கள்.

இரண்டு, தொல்காப்பியத்தை எடுத்தீர்கள், முழுதாக எடுங்கள். ‘திணை மயக்குறுதலும் கடிநிலை இலவே, நிலன் ஒருங்கு மயங்குதல் இல’ என்பது நூற்பா. ஒழுக்கம் மயங்கலாம், நிலம் மயங்காது. எல்லை என்றாலே நிலத்தின் எல்லைதானே முதலில் நினைவுக்கு வரும்?

எதிர்மை பற்றிய பகுதிக்கு ஒரு யோசனை. நம் இலக்கணத்தில் எதிர்மறைக்கு இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்று பொருள் சொல்வோம். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், புதிதாக எதையும் செய்ய வேண்டாம்.

———

கிள்ளானிலிருந்து:

தம்பி, நான் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். எங்களிடம் வருகிறவர்கள் “மயக்கமா இருக்கு மிஸ்ஸி” என்றால் முதலில் ரத்த அழுத்தம்தான் பார்ப்போம். எல்லைமயக்கம் என்று வலையொலியில் சொன்னால் எங்கம்மா மாதிரி ஆட்கள் யாரோ எல்லையில் விழுந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

செங்காய் நன்றாக இருக்கிறது, ஆனால் அது பழமாகப் போகிற காய். பாதி முடி கொட்டிய தலை எதுவாகப் போகிறது? உயரமும் இல்லாத குட்டையும் இல்லாத ஆள் எதுவாகவும் ஆகப்போவதில்லை, அப்படியேதான் இருப்பார்.

தோட்டத்தில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு, பாதி இருட்டான கருக்கலில் கிளம்பிய காலம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கருக்கல் என்று வைத்தால் என்ன?

———

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. இரண்டு நாள் இதே நினைப்பு.

முதலில் ஐயாவின் முதல் தடை. இரண்டும் ஒன்றல்ல என்பதை வலையொலியிலேயே விளக்கத்தான் போகிறேன், சொற்கள் அருகருகே இருப்பது அதற்கு உதவும் என்று தோன்றுகிறது. ‘ஆறு’ என்றால் நீரோடும் ஆறா, எண்ணா? எதைச் சொன்னீர்கள் என்று கேட்டால் தீர்ந்துவிடும். அது பொருள்மயக்கம். அப்பாவின் குலை அப்படித் தீராது. எத்தனை குழி, என்ன நிறம், எவ்வளவு எண்ணெய் என எல்லாம் தெரிந்த பிறகும் அது பழமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். அது எல்லைமயக்கம். ஒன்றில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள், மற்றதில் ஒரே பொருள்தான், அதற்குக் கரை இல்லை.

இரண்டாவது தடைதான் என்னை வெகுநேரம் உட்கார வைத்தது. நூற்பாவை மறுபடி படித்தேன். ஐயா சொல்வது சரி, நிலம் மயங்காது என்பதே அங்கே விதி. ஆனால் அதே தொல்காப்பியம் நடுவணதாகிய பாலைக்கு நிலம் தரவில்லையே. இளங்கோவடிகள் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்: ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து’, நல்லியல்பு இழந்து, ‘பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’. வெயில் ஏற ஏற முல்லை காய்கிறது. எந்த நாள் வரை முல்லை, எந்த நாள் முதல் பாலை? ஒரு நாள் வெயிலால் முல்லை பாலையாகிவிடாது. யூபுலிடிஸின் குவியலை நம் காடுகாண் காதைக்குள்ளேயே வைத்துப் பேசலாம். ஆகவே ஐயாவின் நூற்பாவை மறைக்காமல், நிலம் மயங்காது என்பவரையும், நிலம் படிவம் மாறும் என்பவரையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறேன்.

இன்மை, அன்மை, மறுதலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். அரிஸ்டாட்டில் எதிர்மையை நான்காகப் பிரிக்கிறார்: தந்தை மகன் போன்ற உறவு எதிர், வெப்பம் குளிர் போன்ற எதிர், பார்வைக்குக் குருடு போன்ற இழப்பு எதிர், உண்டு இல்லை என்ற கூற்று எதிர். உறவு எதிரை விட்டுவிட்டால் மீதி மூன்றும் நம் மூன்றோடு ஏறக்குறையப் பொருந்துகின்றன. இழப்பு எதிர் இன்மை. கூற்று எதிர் அன்மை. வெப்பம் குளிர், நன்மை தீமை ஆகியவை மறுதலை.

இதில் மறுதலைக்கும் அன்மைக்கும் உள்ள வேறுபாடுதான் எங்களுக்கு உயிர். ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்று வள்ளுவர் காயையும் கனியையும் எதிரெதிரே வைத்தார். அது மறுதலை, நடுவில் இடம் உண்டு. ஆனால் கனி அல்லாதது எல்லாம் காய் அல்ல. பூவும் கனி அல்லாததுதான், இந்த மேசையும் கனி அல்லாததுதான். கனி, கனி அல்லாதது என்பது அன்மை. அங்கே நடுவில் இடமே இருக்கக் கூடாது என்று தருக்கம் சொல்கிறது. மறுதலையில் நடு இருப்பதில் யாருக்கும் வியப்பில்லை. அன்மையிலும் நடு இருப்பது போலத் தோன்றுகிறதே, அதுதான் எல்லைமயக்கத்தின் சிக்கல். குலை பழமா, பழம் அல்லாததா? இரண்டில் ஒன்று என்று தருக்கம் கையைப் பிடித்து இழுக்கிறது, குலையோ அசைய மாட்டேன் என்கிறது. ஐயா இந்த மூன்று சொல்லைத் தராவிட்டால் இதை இவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

அக்கா, ‘மயக்கமா இருக்கு’ என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் கூட்டுச்சொல்லில் வரும்போது அந்தப் பொருள் ஒதுங்கிக்கொள்ளும் என்று நம்புகிறேன். கால மயக்கம், வேற்றுமை மயக்கம் என்று பள்ளியில் படித்தபோது யாரும் தலை சுற்றுவதை நினைக்கவில்லை. அம்மாவுக்காக முதல் முறை சொல்லும்போது ‘எல்லைகள் ஒன்றோடொன்று மயங்கிக் கிடப்பது’ என்று விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

செங்காய் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. அந்தச் சொல் அப்பாவின் குலைக்குப் பொருந்திய அளவுக்கு மற்றவற்றுக்குப் பொருந்தவில்லை. செங்காய்க்கு ஒரு போக்கு இருக்கிறது. கருக்கலுக்கு அது இல்லை. விடியற்காலைக் கருக்கலும் உண்டு, அந்திக் கருக்கலும் உண்டு. வெளிச்சத்தை நோக்கியும் போகும், இருட்டை நோக்கியும் போகும். மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசல் 1923இல் வேக்னெஸ் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த நடுப்பகுதியை அரைநிழல் என்றே உருவகித்தார். கருக்கல் அதைவிட நமக்கு நெருக்கம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது எதிரில் நிற்பது யார் என்று முகம் பாதி தெரியும், குரலை வைத்துத்தான் ஆள் பிடிபடும் என்று அம்மா சொல்வார். நடுவில் நிற்கும் பொருளுக்குக் ‘கருக்கல் நேர்வு’ என்று வைத்துக்கொள்கிறேன். செங்காயை எடுத்துக்காட்டாகவே வைத்திருக்கிறேன், கைவிட மனமில்லை.

கருக்கல் இன்னொரு கதவையும் திறக்கிறது. காய்க்கும் பழத்துக்கும் நடுவே செங்காய் என்று மூன்றாவது பெட்டி வைத்தால் சிக்கல் தீர்ந்ததா? ஒரு கோட்டுக்குப் பதில் இப்போது இரண்டு கோடு: காய் எங்கே முடிந்து செங்காய் தொடங்குகிறது, செங்காய் எங்கே முடிந்து பழம் தொடங்குகிறது? வாரியத்தின் விதியும் அப்படித்தான், சுழியத்தில் ஒரு கோடு, பத்தில் ஒரு கோடு. கருக்கலும் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று யாரும் சொன்னதில்லை. பக்கத்து மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) நோன்பு மாதம் வந்தால் இது நடைமுறைக் கேள்வி. வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிந்து தெரியும் வரை உண்ணலாம் என்கிறது குர்ஆன் (2:187). நூல் பிரியும் அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிக்க முயன்று பாருங்கள். எல்லையின் எல்லையும் மயங்குவதற்கு ‘மேல்வரிசை எல்லைமயக்கம்’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். நாக்கில் சரியாக உருளவில்லை. இதைவிடச் சிறியதாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. யூபுலிடிஸின் புதிருக்குப் பெயர். ‘குவியல் புதிர்’ என்பது நேரான பெயர், கிரேக்கச் சொல்லும் குவியலைத்தான் குறிக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது வேறு முறையில் நடக்கிறது: சேர்த்துச் சேர்த்துப் பார்ப்பதில்லை, உதிர்ந்தது எத்தனை என்று பார்க்கிறோம். வழுக்கைப் புதிரும் உதிர்வதுதான். அதனால் ‘உதிரிப் புதிர்’ என்று வைக்கலாமா என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். உதிரி பொறுக்குவது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி, அதை இதோடு சேர்க்காதே என்றார். குவியல் புதிர் என்றே இருக்கட்டும் என்று நினைக்கிறேன், மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலை, கோயில் பூசை முடிந்ததும் ஒலிப்பதிவு.