ஆறு மாசத்துல இத்தாலியன் பேச முடியுங்களா?

கேள்வி: திருப்பூர்ல பின்னலாடை ஏற்றுமதி வேலைங்க. இத்தாலி பையர்கிட்ட நேர்ல பேசோணும். தினம் 45 நிமிஷம் ஒதுக்கலாம். எந்த அளவுக்குக் குறி வெக்கறது?

பதில் 1: கணக்குப் போடுங்க: 180 நாள், சுமார் 135 மணி நேரம். இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்களுக்கே வேலை பாக்கற அளவு பேச சுமார் 600 மணி நேரம் ஆகும்னு அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிலையம் சொல்லுது. அதனால "சரளமா பேசோணும்"கறதை விட்ருங்க. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோல்ல முதல் படியான ஏ1 முடிச்சு, அடுத்த படி ஏ2-ல கால் வெச்சா நல்ல வெளச்சல். இலக்கைக் காரியமா எழுதுங்க: முதல் ரெண்டு மாசம் அறிமுகம், எண், தேதி. அப்புறம் அளவு, நிறம், டெலிவரி நாள். கடைசியா நேத்து நடந்ததைச் சொல்ல இறந்தகாலம்.

பதில் 2: எண்களை அவசரப்படாம பழகுங்க. செஸ்ஸாந்தா 60, செத்தாந்தா 70. விலை பேசறப்ப இது மாறுனா பத்து ரூபாய் இல்லீங்க, பத்து யூரோ! இரட்டை மெய்யும் அப்படித்தான். 'பென்னா'ன்னா எழுதற பேனா. நம்மூரு மாதிரி 'பேனா'ன்னா அவங்களுக்கு வேதனை. பல்லி, பலி வித்தியாசம் தெரிஞ்ச நமக்கு இது சுலபம். ப-வும் ஃப-வும், ப-வுல வல்லோசை மெல்லோசையுந்தான் (p, b) சறுக்கும். பதிவு பண்ணிக் கேளுங்க.

பதில் 3: வினைமுடிவே ஆளைக் காட்டிரும்: பார்லோ, பேசறேன். பையருக்கு 'தூ' (நீ) வேண்டாம், 'லேயி' போடுங்க, நம்ம 'நீங்க' மாதிரி. ஆனா வினை 'அவள்' வடிவத்துல வரும்: லேயி பார்லா. இங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க.